82 ஆட்டத்தில் 19 வெற்றி: சான் ஹோசே ஷார்க்ஸ் வேணும்னே தோத்ததா?

20 ஏப்ரல் 2024, காலை | காட்பாடி ஜங்ஷன்

என்.எச்.எல்., அதான் அமெரிக்கா-கனடா ஐஸ் ஹாக்கி லீக், அதுல சான் ஹோசே ஷார்க்ஸ் சீசன் முடிஞ்சுபோச்சு. 82 ஆட்டம். 19 வெற்றி, 54 தோல்வி, கூடுதல் நேரத்துல தோத்தது 9. மொத்தம் 47 புள்ளி, 32 டீம்ல 32-வது. நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் அந்த ஊர்லதான் வேலைல கீறாங்கோ, அதனால இங்க எல்லாரும் இந்த டீமைத்தான் பாக்குறோம். நான் சொல்றது இன்னான்னா, இது வேணும்னே தோத்த சீசன். கடைசி இடம் வந்தா, புதுப் பசங்களை டீம் டீமா பிரிச்சு எடுக்கற டிராஃப்ட்ல முதல் பையனை எடுக்கலாம், அதுக்குத்தான். கோல் காக்குற கோலியும் சரியில்ல. இல்லைன்னு சொல்றவங்க கணக்கோட வாங்க.

20 ஏப்ரல் 2024, மாலை | வேலப்பாடி

கணக்கோடு வருகிறேன்.

ஐஸில் இறங்கினவன் எவனும் தோற்க இறங்கவில்லை. அந்த டீமில் பலருக்கு அடுத்த வருஷ ஒப்பந்தமே இந்த வருஷ ஆட்டத்தைப் பொறுத்தது. எவனோ ஒரு பதினெட்டு வயசுப் பையன் வரட்டும் என்று தன் இடத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டான். தோல்விக்கு அஸ்திவாரம் போட்டது ஆபீஸ், அதாவது டீம் நிர்வாகம், அதுவும் இரண்டு வருஷம் முன்னாலேயே.

2022 ஜூலையில் பிரென்ட் பர்ன்ஸ் கரோலினாவுக்குப் போனார். 2023 பிப்ரவரியில் டீமோ மையர் நியூ ஜெர்சிக்கு. அதே வருஷம் ஆகஸ்டில் எரிக் கார்ல்சன் பிட்ஸ்பர்குக்கு. கார்ல்சன் அதற்கு முந்தின சீசனில் கோலும் கோலுக்கான பாஸுமாக 101 புள்ளி எடுத்து, சிறந்த டிஃபன்ஸ்காரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கியவர். டிஃபன்ஸ்காரர் ஒருவர் நூறைத் தொட்டது 1991-92இல் பிரையன் லீச்சுக்கு அப்புறம் அப்போதுதான். இந்த மார்ச் 8 அன்று டோமாஷ் ஹெர்ட்டலும் வேகாஸுக்குப் போய்விட்டார். கேப்டன் லோகன் கூச்சர் காயத்தால் 6 ஆட்டம்தான் ஆடினார்.

ஆம்பூர் மாஸ்டரையும் அனுப்பி, சீரகச் சம்பாவையும் அனுப்பிவிட்டு, தேக்சாவைத் திறந்து பிரியாணி எங்கே என்று தேடுகிற மாதிரி இருக்கிறது.

20 ஏப்ரல் 2024, இரவு | வேலப்பாடி

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. ஆளை அனுப்பும்போது அவர் சம்பளத்தில் ஒரு பங்கைப் பழைய டீமே தொடர்ந்து கட்டலாம். ஒரு ஒப்பந்தத்துக்கு அதிகபட்சம் 50 சதவீதம், ஒரே நேரத்தில் மொத்தம் மூன்று ஒப்பந்தம், அவ்வளவுதான் விதி. பர்ன்ஸ் ஒன்று, கார்ல்சன் இரண்டு, ஹெர்ட்டல் மூன்று. சான் ஹோசேக்கு மூன்று இடமும் நிரம்பிவிட்டது. இந்த சீசனில் ஒரு டீமின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 83.5 மில்லியன் டாலர். அதில் ஒரு பகுதி இந்த டீமுக்கு ஆடாதவர்களுக்குப் போகிறது. பாலாற்றில் தண்ணீர் இல்லை என்பது ஒரு பக்கம், பாலத்துக்குச் சுங்கம் கட்டுவது இன்னொரு பக்கம்.

21 ஏப்ரல் 2024 | ராணிப்பேட்டை வாசகர்

அண்ணா, அதெல்லாம் சரி. ஒரு ஆட்டத்துக்கு நாலு கோல் வாங்கினா கோலியைக் கேக்காம யாரைக் கேக்குறது? நவம்பர் 2-ந் தேதி வான்கூவர் கிட்ட 10-1, நாலாந் தேதி பிட்ஸ்பர்க் கிட்ட 10-2. 1965-66 பாஸ்டனுக்கு அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு ஆட்டத்துல பத்து வாங்கின டீம் இதுதான்.

22 ஏப்ரல் 2024 | வேலப்பாடி

தம்பி, கோலியைப் பார்ப்போம். மெக்கன்சி பிளாக்வுட் இந்த சீசனில் தடுத்த விகிதம் .899. லீக் சராசரியே .900-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மோசமான டீமின் பின்னால் நின்று சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றால் குற்றம் அவரிடம் இல்லை. அக்டோபரில் கொலராடோவுடன் நடந்த ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஐம்பதுக்கு மேல் ஷாட்டைத் தடுத்துக் கொடுத்தார், அப்படியும் ஷூட்அவுட்டில் 2-1 என்று போனது. முதல் 11 ஆட்டத்தில் அந்த டீம் எடுத்த ஒரே புள்ளி அதுதான்.

நாலு கோல் எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஒரே ஒரு காட்சியை மெதுவாக ஓட்டுகிறேன்.

எதிரணி பக்கை, அதாவது ஆடுகிற ரப்பர் வட்டை, மூலைக்கு அடித்துவிடுகிறது. நம் டிஃபன்ஸ்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறார். பின்னாலேயே ஒரு முன்வரிசைக்காரன் துரத்தி வருகிறான், ஏறக்குறைய ஒன்றரை நொடி இடைவெளி. கார்ல்சன் மாதிரி ஆள் பக்கைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தோளுக்கு மேலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பார். தொட்டவுடன் அது நடுவில் வரும் சென்டரின் ஸ்டிக்குக்குப் போய்விடும். அந்தப் பார்வையும் அந்தக் கையும் இல்லாதவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பலகைச் சுவரை ஒட்டிச் சுற்றி அடித்துவிடுவது. சுவரோரம் நிற்கிற நம் விங்கர் முதுகு திரும்பிய நிலையில், மேலே ஆள் சாய்ந்திருக்க, எகிறி வரும் பக்கைக் காலால் நிறுத்தப் பார்க்கிறார். பத்தில் நாலைந்து தடவை நிற்காது. நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் எதிரணி டிஃபன்ஸ்காரர் அதை உள்ளேயே அமுக்கிவிடுகிறார். மறுபடி ஷாட், மறுபடி மூலை, மறுபடி அதே ஐந்து பேர்.

ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரு தடவை இறங்கி ஆடிவிட்டு மாறுகிற நேரம், 45 நொடி இருக்க வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டால் ஒன்றரை நிமிஷம் ஓடும். ஒரு நிமிஷம் தாண்டினாலே தொடை எரியும், முட்டி மடங்காது, ஸ்டிக் தரையை விட்டு எழும்பும். அதற்கப்புறம் விழுகிற கோலைத்தான் டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டுகிறான், அதில் கோலி முகம்தான் தெரிகிறது. ஐம்பது நொடி முன்னால் மூலையில் போன அந்த பாஸ் தெரிவதில்லை.

22 ஏப்ரல் 2024, பிறகு | வேலப்பாடி

அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: மூன்று பாகமான, அதாவது மூன்று பீரியட் ஆட்டத்தில், ஏன் இரண்டாம் பீரியடில் அதிகம் விழுகிறது?

பீரியடுக்குப் பீரியட் டீம்கள் பக்கம் மாறும், பெஞ்ச் மாறாது. முதல், மூன்றாம் பீரியடில் நம் கோல் இருக்கும் பக்கமே நம் பெஞ்சும் இருக்கும், ஓடிப்போய் ஆள் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதில் பெஞ்ச் அந்தப் பக்கம். சோர்ந்துபோன டிஃபன்ஸ்காரர் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் மாற வேண்டும். பக் வெளியே போனால்தான் அது முடியும். போகாவிட்டால் அவரே நிற்க வேண்டும்.

அப்படியானால் தூர அடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். நடுவில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அடித்து அது அந்தக் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஐசிங். ஐசிங் அடித்த டீம் ஆள் மாற்றக் கூடாது. இரண்டு பேருக்கு நடுவில் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிற ஃபேஸ்-ஆஃப் மறுபடி நம் கோல் பக்கம். 2019-20 முதல், அது இடப்பக்க வட்டத்திலா வலப்பக்க வட்டத்திலா என்பதையும் எதிரணியே முடிவு செய்கிறது. களைத்த ஐந்து பேர் எதிரே புதுசாக இறங்கிய ஐந்து பேர். பிளாக்வுட் என்ன செய்வார்?

25 ஏப்ரல் 2024 | சத்துவாச்சாரி

கோச் டேவிட் குவினை எடுத்துட்டாங்க. அப்ப ஆபீஸே ஒத்துக்கிச்சு, தப்பு கோச் மேலன்னு.

25 ஏப்ரல் 2024 | வேலப்பாடி

ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2022-23இல் இவரிடம் 22-44-16 (வெற்றி, தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி), 60 புள்ளி. அப்போது கார்ல்சன் இருந்தார். ஆள் போனபிறகு 47. பதிமூன்று புள்ளி இறங்கியதற்கு கோச்சைக் காட்டுவது எளிது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் குவினைக் கேட்க வேண்டும். சுவரோரம் சுற்றி அடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாத டிஃபன்ஸ் இருக்கும்போது, சென்டரைக் கீழே இறக்கி, மூலைக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாக நிறுத்தலாம். பாஸ் தூரம் குறையும். எதிர்த்தாக்குதலுக்கு ஆள் குறைவார்கள், உண்மை. ஆனால் அந்த டீம் ஒரு ஆட்டத்துக்கு 2.2 கோல்தான் போட்டது, அதில் இழக்க என்ன இருக்கிறது? 10-1, 10-2 முடிந்த அடுத்த ஆட்டம், நவம்பர் 7, பிலடெல்பியாவை 2-1 என்று ஜெயித்தார்களே, சீசனின் முதல் வெற்றி. அந்த மாதிரி இறுக்கிப் பிடித்த ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடவைக்க அவரால் முடியவில்லை.

28 ஏப்ரல் 2024 | ஆற்காடு வாசகி

வணக்கம். ஒரு சந்தேகம். அந்த 0-10-1 ஆரம்பம்தான் சீசனைக் கெடுத்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரிதானா? இன்னொன்று, என்.எச்.எல். சரித்திரத்திலேயே மோசமான சீசன் இதுதானா?

28 ஏப்ரல் 2024 | வேலப்பாடி

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டேன் அம்மா. முதல் 11 ஆட்டத்தைக் கழித்தால் 71 ஆட்டம், 19-44-8, 46 புள்ளி. அதே வேகத்தில் 82 ஆட்டம் ஆடியிருந்தால் 53 புள்ளி வரும். 31-வது இடத்துச் சிகாகோ எடுத்தது 52. ஆகவே ஆரம்பம் சரியாக இருந்திருந்தாலும் ஒரு படி மேலே, அவ்வளவுதான். சரிவு அக்டோபரோடு நிற்கவில்லை, ஏப்ரல் வரை ஒரே சீராக இருந்தது.

இரண்டாவதுக்கு, இல்லை. 1974-75இல் வாஷிங்டன் 80 ஆட்டத்தில் 8 ஜெயித்தது, 67 தோல்வி, 5 டிரா, 21 புள்ளி. வெளியூரில் 40 ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்று ஜெயித்தது. அது அவர்களின் முதல் சீசன், மற்ற டீம்கள் வேண்டாம் என்று விட்ட ஆட்களைக் கொண்டு கட்டியது. சான் ஹோசேயே 1992-93இல் 84 ஆட்டத்தில் 11 வெற்றி, 71 தோல்வி, 2 டிரா, 24 புள்ளி, அதில் தொடர்ந்து 17 தோல்வி. 71 தோல்வி இன்றும் சாதனை.

29 ஏப்ரல் 2024 | வேலப்பாடி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 47-ஐயும் அந்தக் காலத்து 24-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி எழுதிவிட்டேன். அது சரியில்லை. இப்போது கூடுதல் நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. இந்த 47இல் 9 அப்படி வந்தது. 1992-93இல் கூடுதல் நேரத்தில் தோற்றால் கையில் ஒன்றும் கிடைக்காது. ஒப்பிட வேண்டுமானால் கோல் வித்தியாசத்தைப் பாருங்கள்: இந்த வருஷம் போட்டதை விட வாங்கியது 150 அதிகம், ஒரு ஆட்டத்துக்கு 1.8. வாஷிங்டனுக்கு அது 265, ஆட்டத்துக்கு 3.3.

3 மே 2024 | காட்பாடி ஜங்ஷன்

நாளைக்குக் கத்திரி ஆரம்பம், ஊரே கொதிக்குது, நாம ஐஸ் பத்திப் பேசினு கீறோம். நம்மூர் ஐஸ் பாக்டரில போடற பாரும் அந்த ரிங்க்ல போடற ஐஸும் ஒண்ணுதானா?

3 மே 2024 | வேலப்பாடி

குளிரூட்டும் முறை உறவுதான், பொருள் வேறு. பாக்டரியில் உப்புத்தண்ணித் தொட்டியை உறைநிலைக்குக் கீழே வைத்து, அதில் தண்ணீர் நிரப்பிய தகர டின்னை இறக்குகிறார்கள். ரிங்க்கில் அந்த உப்புத்தண்ணியையோ கிளைகால் என்கிற உறையாத திரவத்தையோ கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாயில் ஓட விடுகிறார்கள். மேலே தண்ணீரைப் பூப்பூவாகத் தெளித்து, ஒரு மெல்லிய படலம் உறைந்தபிறகு அடுத்தது. முதல் சில படலத்துக்கு அப்புறம் வெள்ளைச் சாயம், அதன்மேல் கோடுகள், மறுபடி தண்ணீர். மொத்தம் ஒரு அங்குலம், கொஞ்சம் கூட. ஹாக்கிக்கு மேற்பரப்பு மைனஸ் 4, 5 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். அதைவிடச் சூடானால் பிசுபிசுப்பு, ரொம்பக் குளிர்ந்தால் கண்ணாடி மாதிரிச் செதில் உடையும். இடைவேளையில் வண்டி ஓட்டிச் சுரண்டி மேலே வெந்நீர்தான் விடுவார்கள். கீறலுக்குள் இறங்கி, மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி, ஒட்டிப் பிடித்து உறைய அதுதான் நல்லது.

இது நம் விவாதத்துக்குச் சம்பந்தமில்லாதது இல்லை. பக் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர். எகிறக் கூடாதென்று அதையும் உறைய வைத்துத்தான் தருகிறார்கள். பீரியடின் கடைசி ஐந்து நிமிஷத்தில் ஐஸ் கிழிந்து பனித்தூள் குவிந்திருக்கும், பக் தத்தும். நல்ல கை உள்ளவன் குட்டையான பாஸாகக் கொடுத்துச் சமாளிப்பான். சுவரைச் சுற்றி அடிக்கிற டீமுக்கு அந்த நேரத்தில் விங்கர் காலுக்கு எது வரும் என்றே தெரியாது.

8 மே 2024, காலை | காட்பாடி ஜங்ஷன்

டிராஃப்ட்ல யாரு முதல்ல எடுக்கறதுன்னு போட்ட குலுக்கல்ல சான் ஹோசேக்கே முதல் இடம்! நான் சொன்னேனா இல்லையா? தோத்ததுக்குக் கூலி.

8 மே 2024 | வேலப்பாடி

சந்தோஷம்தான். ஆனால் அது கூலி இல்லை, பாதி கூட இல்லை.

பெட்டியில் 1 முதல் 14 வரை எண் போட்ட 14 பந்து. நாலு எடுப்பார்கள். 1001 விதமாக வரலாம், ஒன்றை ஒதுக்கிவிட்டு ஆயிரத்தைப் பிளே-ஆஃப் வராத 16 டீமுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைசி டீமுக்கு 185. அதாவது 18.5 சதவீதம். பத்திரிகையில் 25.5 என்று போட்டார்களே, அதெப்படி? குலுக்கலில் ஜெயித்தாலும் ஒரு டீம் பத்து இடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. கீழிருந்து 12 முதல் 16 வரை உள்ள ஐந்து டீமில் எது ஜெயித்தாலும் முதல் இடத்தை எட்டாது, அப்போது முதல் இடம் கடைசி டீமிடமே நிற்கும். அந்த ஐந்துக்கும் சேர்த்து 7 சதவீதம். 18.5-ம் 7-ம் சேர்ந்து 25.5.

நாலில் மூன்று தடவை கிடைக்காது என்று அர்த்தம். 2016-17இல் கொலராடோ 48 புள்ளியில் கடைசி, குலுக்கலில் நாலாவதாகத் தள்ளப்பட்டது. 2020இல் டெட்ராய்டுக்கும் அதே கதி. இதை நம்பி ஒரு சீசனை எரிக்கிறவன் புத்திசாலி இல்லை. சான் ஹோசே எரித்தது இதை நம்பி இல்லை, மூன்று பெரிய ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர. அந்த நாலாவது இடத்தில் கொலராடோ எடுத்தது கேல் மகாரை, டிஃபன்ஸ்காரர். 2022இல் லீக் பட்டமான ஸ்டான்லி கோப்பை வந்ததில் அவர் பங்கு பெரியது. முதல் இடமே வேண்டும் என்று இல்லை, மூலையிலிருந்து பக்கை வெளியே கொண்டுவரத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

29 ஜூன் 2024 | வேலப்பாடி

டிராஃப்ட் முடிந்தது. முதலில் மேக்லின் செலபிரீனி, எதிர்பார்த்ததே. சின்ன வயசில் சான் ஹோசே ஜூனியர் அணியிலேயே ஆடின பையன்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 11-வது தேர்வு, சாம் டிக்கின்சன், டிஃபன்ஸ்காரர். கார்ல்சனுக்கு ஈடாக பிட்ஸ்பர்க் கொடுத்த முதல் சுற்று வாய்ப்பு 14-வது இடமாக வந்தது. அதையும் இரண்டாம் சுற்றில் ஒன்றையும் பஃபலோவிடம் கொடுத்து 11-க்கு ஏறினார்கள். கார்ல்சன் போன ஓட்டையை அடைக்க அவரை விற்ற காசிலேயே ஆள். பத்தொன்பது, இருபது வயசில் டிஃபன்ஸ்காரர் தேறிவிட மாட்டார், பொறுத்துப் பார்க்க வேண்டும்.

புது கோச் ரயன் வார்சாஃப்ஸ்கி.

28 டிசம்பர் 2024 | வேலப்பாடி

ஏப்ரலில் கோலி பற்றி எழுதியதற்கு இப்போது சாட்சி வந்திருக்கிறது. டிசம்பர் 9 அன்று பிளாக்வுட் கொலராடோவுக்குப் போனார். மூன்று வாரம் கூட ஆகவில்லை, ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். அதே ஆள், அதே கையுறை. முன்னால் நிற்பது மகார்.

28 டிசம்பர் 2024 | ராணிப்பேட்டை வாசகர்

ஒத்துக்குறேன் அண்ணா. கோலி மேல போட்டது தப்புதான்.

19 ஏப்ரல் 2025 | காட்பாடி ஜங்ஷன்

மறுபடியும் கடைசி. 20-50-12, 52 புள்ளி. செலபிரீனி 70 ஆட்டத்துல 63 புள்ளி எடுத்தும் இதுதானா?

19 ஏப்ரல் 2025 | வேலப்பாடி

அவர் சென்டர். ஒரு ஆட்டத்தில் இருபது நிமிஷம் அவர் ஐஸில் இருந்தால் மிச்சம் நாற்பது நிமிஷம் மற்றவர்கள். பக் அவரிடம் வந்து சேரவும் வேண்டும். அந்த 12-ஐப் பாருங்கள், போன வருஷம் 9. ஆட்டத்தைக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கிறார்கள், முடிக்கத்தான் தெரியவில்லை.

போன மே மாதம் ‘எரிக்கிறவன் புத்திசாலி இல்லை’ என்று எழுதினேன். ஒரு வருஷம் எரிப்பதை ஏதோ புரிந்துகொள்ளலாம். இரண்டாம் வருஷமும் டிஃபன்ஸை அப்படியே விட்டது பிசகு. இளம் பையன்கள் தோற்று வீட்டுக்குப் போவதையே பழக்கமாக எடுத்துக்கொண்டால் அதை மாற்ற எந்தக் குலுக்கலும் உதவாது. இந்த ஒரு விஷயத்தில் காட்பாடிக்காரர் கோபம் நியாயம்.

6 மே 2025 | ஆற்காடு வாசகி

இந்த முறை முதல் இடம் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு. அவர்களுக்கு 3.5 சதவீதம்தான் இருந்தது. சான் ஹோசே இரண்டாவது.

28 ஜூன் 2025 | வேலப்பாடி

ஐலண்டர்ஸ் மேத்யூ ஷேஃபரை எடுத்தது. டிஃபன்ஸ்காரர், ஓடவும் தெரியும், பாஸும் தெரியும். மனசு கேட்கவில்லை, சான் ஹோசேக்கு வேண்டியிருந்த ஆள் அவர்தான். இவர்கள் எடுத்தது மைக்கேல் மீசா, நல்ல சென்டர்.

பர்ன்ஸ் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது, சம்பளம் கட்டும் மூன்று இடத்தில் ஒன்று காலி. கார்ல்சனுக்கு 2027 வரை, ஹெர்ட்டலுக்கு 2030 வரை.

அக்டோபரில் ஆட்டம் ஆரம்பித்ததும் இங்கே எல்லாரும் ஒன்று செய்வோம். ஸ்கோரைப் பிறகு எழுதலாம். இரண்டாம் பீரியட் மட்டும் பார்த்து, நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: நம் பக்கத்திலிருந்து பக் ஸ்டிக்குக்கு ஸ்டிக் வெளியே வந்தது எத்தனை தடவை, சுவரைச் சுற்றிப் போனது எத்தனை. ஐசிங்கை ஓரத்தில் தனியாகக் கோடு போடுங்கள். முதல் பத்து ஆட்டம். சத்துவாச்சாரி தம்பி வெளியூர் ஆட்டம் எடுத்துக்கொள்ளட்டும், உள்ளூர் ஆட்டம் நான் பார்க்கிறேன், நமக்குக் காலை எட்டு மணி வாக்கில் வரும்.

28 ஜூன் 2025 | சத்துவாச்சாரி

சரிண்ணா. நோட்டு வாங்கியாச்சு.